ரத்தத்தில் எண் சரி, பயம் போகலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 46 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. எனக்கு 37 வயது. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் சிஏ 15-3 என்ற ரத்த டெஸ்ட் பார்த்ததில் 18 வந்தது. ‘நார்மல், பயமில்லை’ என்றார்கள். எச்சில், கண்ணீர், தாய்ப்பாலிலும் கண்டுபிடிக்கலாமாமே? எதில் பார்த்தால் நல்லது?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: அந்த 18ஐ முதலில் ஓரமாக வையுங்கள். மியூசின்-1 என்ற புரதம் பால் நாளங்களின் உட்சுவர் செல்களில் இருக்கிறது; அதிலிருந்து உதிரும் துண்டுதான் சிஏ 15-3. ஆரம்பக் கட்டத்துப் புற்றுநோயில் பெரும்பாலானவர்களுக்கு இது ஏறுவதே இல்லை. கல்லீரல் நோயிலோ சும்மா ஏறிவிடும். நோய் பரவி, சிகிச்சையில் இருப்பவரைக் கவனிக்கத்தான் இது உதவும். பல வருடம் லேபில் இருந்தவள் நான். கையில் தட்டுப்படும் கட்டியோடு, ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று எட்டு மாதம் சும்மா இருந்துவிட்ட ஒரு அம்மாவை இன்னும் மறக்க முடியவில்லை.

ரத்தத்தில் உள்ள சிக்கல் இதுதான்: அதன் புரதத்தில் பாதிக்கு மேல் ஆல்புமின் என்ற ஒரே புரதம். மார்பகத்திலிருந்து வரும் துளியளவு புரதம் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். எச்சிலும் கண்ணீரும் எடுக்கச் சுலபம். ஆனால் மார்பகத்துக்கு வெகு தூரம். ஈறில் ரத்தம் கசிந்தால்கூட எச்சிலின் கணக்கு மாறும்.

தாய்ப்பால் அப்படியல்ல. நோய் தொடங்கும் அதே நாளங்கள் வழியாக வருகிறது, உதிர்ந்த செல்களையும் கொண்டுவருகிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் கேத்லீன் அர்காரோ பல வருடங்களாகத் தாய்ப்பாலை ஆராய்கிறார். நோயுள்ள மார்பின் பாலையும் அதே பெண்ணின் மறு மார்பின் பாலையும் பக்கத்தில் வைத்துப் புரதங்களை ஒப்பிட்டிருக்கிறார்கள். வயது, சாப்பாடு, ஹார்மோன் எல்லாம் ஒன்றேயானதால், வித்தியாசம் மார்பிலிருந்தே வந்திருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் வழி இது. ஆனால் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது. உங்கள் ஊர் லேபில் கொடுத்துப் பார்க்கும் டெஸ்ட் அல்ல. இதேபோல, முலைக்காம்பிலிருந்து நீர் உறிஞ்சிப் பார்க்கும் டெஸ்ட் மேமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரே) மாற்றாகாது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013லேயே எச்சரித்தது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது? அம்மாவுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே மேமோகிராம் பரிசோதனையைத் தொடங்கச் சொல்வது வழக்கம். உங்கள் கணக்கில் அது 36, எனவே தள்ளிப்போடாதீர்கள். பால் கொடுக்கும்போதும் எடுக்கலாம். சற்று முன் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனால் வலி குறையும், படமும் தெளிவாக விழும். கூடவே அல்ட்ராசவுண்ட் தேவையா என்று டாக்டர் சொல்வார். பரம்பரையாக மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயம் வருகிறதா என்று பார்க்கும் பிஆர்சிஏ மரபணு டெஸ்ட் பற்றியும் கேளுங்கள். அம்மா இருக்கிறார் என்றால் முதலில் அவருக்குப் பார்ப்பதே சரி. அவருடைய பழைய பயாப்சி ரிப்போர்ட் வீட்டில் இருக்கும், தேடி எடுத்துப் போங்கள். அப்புறம், அம்மா வழியிலோ அப்பா வழியிலோ யாருக்காவது சினைப்பைப் புற்றுநோய் இருந்ததா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.