தாய்லாந்தின் மரண ரயில் பாதைக்குக் குடும்பத்தோடு போவது பாதுகாப்பானதா? பாலத்தில் நடக்கலாமா?

மலேசியாவின் கெடாவிலிருந்து ஒரு தம்பி இதைக் கேட்டிருக்கிறார். 72 வயது அம்மாவையும் 8 வயது மகனையும் கூட்டிக்கொண்டு காஞ்சனபுரி போகிறார்கள். அம்மாவின் தாத்தா மலாயாத் தோட்டத்திலிருந்து சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, இந்தப் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர், திரும்பி வரவில்லை. "அந்தத் தண்டவாளத்த ஒருதரம் கையால தொட்டுட்டு வரணும்" என்கிறாராம் அம்மா. அதனால்தான் இந்தக் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரயிலில் தாராளமாகப் போங்கள். க்வாய் ஆற்றுப் பாலத்தில், பையனின் கை உங்கள் கைக்குள் இருந்தால், நடக்கலாம். தாம் க்ராசே மரப்பாலத்தில் அம்மாவை நடக்க விடாதீர்கள். அவர் தண்டவாளத்தைத் தொடுவதற்கு அதைவிட நல்ல இடம் இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

நான் ரயில்வேயில் கேங்மேனாக, தண்டவாளப் பராமரிப்பு ஆளாக, சேர்ந்தவன். 11 வருஷம் கீமேனாக, சாவியும் சுத்தியலும் தோளில் போட்டுக்கொண்டு தினமும் லைனை நடந்தே பார்த்தேன். மேஸ்திரியாக ஓய்வு பெற்றேன். அதில் பாதிக்காலம் மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம். மகள் பாங்காக்கில் இருப்பதால் காஞ்சனபுரிக்கு இரண்டு முறை போய்வந்திருக்கிறேன். தாய்லாந்தில் இன்றும் ஓடுவது மீட்டர் கேஜ்தான், அதனால் அந்த லைனைப் பார்த்ததும் பழைய ஊருக்குப் போனமாதிரி இருந்தது எனக்கு.

அது காட்சிக்கு வைத்திருக்கிற பாதை இல்லை. இதை வீட்டிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர், போர்க்கைதிகளையும் ஆசியக் கூலியாட்களையும் வைத்து, 1942, 43ல் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் போட்டார்கள். போர் முடிந்தபிறகு பெரும்பகுதியைப் பிடுங்கிவிட்டார்கள். காஞ்சனபுரி வழியாக ‘நாம் தோக்’ என்ற ஊர் வரை சுமார் 130 கிலோமீட்டர் மட்டும் மிச்சம். 1958லிருந்து நாம் தோக் வரை வண்டி ஓடுகிறது. ஊர்ச்சனம் கூடையும் மூட்டையுமாக ஏறி இறங்குகிற மூன்றாம் வகுப்பு வண்டி. நாளுக்கு விரல்விட்டு எண்ணுகிற வண்டிகள்தான். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி வருகிற லைனில் யாரும் அசட்டையாக நிற்கமாட்டார்கள். மணிக்கணக்கில் வண்டி வராத லைனில் பயம் விட்டுப்போகும். டைம் டேபிளைப் பார்த்து "இப்போது வண்டி இல்லை" என்று நினைத்து நடக்கவே கூடாது. அங்கே வண்டிகள் தாமதமாக வருவது சர்வசாதாரணம்.

இனி க்வாய் ஆற்றுப் பாலம். முன்னூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள இரும்புப் பாலம். வளைவாக நிற்கும் கர்டர்கள் ஜப்பானியர் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை. நடுவில் வளைவில்லாமல் நேராக நிற்கும் இரண்டு, 1945ல் குண்டு விழுந்து உடைந்த இடத்தில் பிறகு வைத்தவை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் இரும்புத் தகடு போட்டிருக்கிறார்கள், அதன்மேல்தான் சனம் நடக்கிறது. தகட்டை விட்டுக் காலை வெளியே வைத்தால் கட்டைகளுக்கு இடையே சந்து, சந்துக்குக் கீழே ஆறு தெரியும். பெரியவர்கள் கால் உள்ளே போகாது. 8 வயதுப் பையன் கால் முட்டிவரைக்கும் இறங்கிவிடும். அவனுக்குச் செருப்பு வேண்டாம், கட்டின ஷூ போட்டுவிடுங்கள். ஓடவிடாதீர்கள்.

பாலத்தின் ஓரத்தில் இடைவெளி விட்டு விட்டுச் சின்னச் சின்ன மேடைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். படம் எடுக்க வசதியாக இருப்பதால் எல்லோரும் அதில் ஏறி நிற்கிறார்கள். அது வண்டி வரும்போது ஒதுங்குவதற்கான இடம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எங்கள் மேஸ்திரி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பாலத்துல கால் வைக்கறதுக்கு முன்னாடி, வண்டி வந்தா எங்க ஒதுங்குவேன்னு கண்ணால பாத்துக்க. பாத்தப்புறம் நட." நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரு மேடையிலிருந்து அடுத்த மேடைக்கு நடந்து, நின்று, பிறகு அடுத்ததற்கு. அடுத்த மேடை ஆட்களால் நிரம்பியிருந்தால் அது காலியாகும்வரை இருந்த இடத்திலேயே நில்லுங்கள்.

மீட்டர் கேஜில் ஒரு விஷயம் வெளியாட்களுக்குத் தெரியாது. இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி ஒரு மீட்டர்தான். ஆனால் மேலே வரும் பெட்டியின் அகலம் கிட்டத்தட்ட 2.8 மீட்டர். அப்படியென்றால் தண்டவாளத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர், மூன்று அடிக்குக் கொஞ்சம் குறைவாக, பெட்டி வெளியே துருத்திக்கொண்டு வரும். அகலப்பாதையில்கூட இவ்வளவு வெளியே வராது. தண்டவாளத்தை விட்டு இரண்டடி தள்ளி நின்றுவிட்டோம், போதும் என்று நினைப்பவர் நிற்பது பெட்டியின் வழியில்தான். படிக்கட்டும் கைப்பிடியும் கதவில் தொங்குகிறவர்களும் அதற்கும் வெளியே இருப்பார்கள்.

இரண்டாவது முறை போனபோது கண்ணெதிரே பார்த்தேன். மதியம், நல்ல வெயில். பாலத்தின் நடுவில் ஒரு பெண் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள், எதிரே கூட வந்த பையன் போனைப் பிடித்தபடி பின்னுக்குப் பின்னே நடக்கிறான். அவள் முதுகுக்குப் பின்னால் வண்டி பாலத்தில் ஏறிவிட்டது. ஆள் நடக்கிற வேகத்தில்தான் வந்தது, ஹாரனும் அடித்தது. அவர்கள் காதில் விழவில்லையா, விழுந்தும் வண்டி இவ்வளவு மெதுவாக வருகிறதே என்று நின்றார்களா, தெரியவில்லை. நான் தமிழில்தான் கத்தினேன், "ஏய் வண்டி! வண்டி!" என்று. பக்கத்து மேடையில் நின்ற ஒரு அம்மாள் அந்தப் பெண்ணின் பையைப் பிடித்து இழுத்துவிட்டார். பையன் எதிர்ப்பக்க மேடையில் தாவினான். பெட்டிகள் எங்கள் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில், சூடான டீசல் காற்றோடு, ஒவ்வொன்றாகப் போயின. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த குழந்தைகள் எங்களுக்குக் கையாட்டின. அந்தப் பெண்ணுக்குக் கடைசிப் பெட்டி போனபிறகுதான் கை நடுங்க ஆரம்பித்தது.

மெதுவாக வரும் வண்டிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பது என் அனுபவம். வேகமாக வரும் வண்டி தூரத்திலேயே அதிர்ந்து ஆளை விரட்டிவிடும். காஷன் போட்ட, அதாவது வேகத்தைக் குறைக்கச் சொன்ன, இடத்தில் மெதுவாக ஊர்ந்துவரும் வண்டிக்கு அந்தச் சத்தம் கிடையாது. காற்றும் எதிர்த்திசையில் அடித்தால் கேட்கவே வேண்டாம். ஒருமுறை ஆற்றுப்பாலத்தில் போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தேன். காற்று என் முதுகிலிருந்து வண்டியை நோக்கி அடித்தது. 200 கெஜத்தில் வரும்வரை எனக்கு ஒரு சத்தமும் தெரியவில்லை. ஒதுங்கும் இடத்தை முன்பே பார்த்து வைத்திருந்ததால் நான் தப்பினேன், சாவியும் சாப்பாட்டுத் தூக்கும் போய்விட்டன. தொழிலே அதுவாக இருந்த எனக்கே அப்படி. போன் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

ரயில் பயணத்துக்கு வருகிறேன். சுற்றுலாக் கூட்டம் பெரும்பாலும் பாலத்தை ஒட்டியுள்ள ஸ்டேஷனில்தான் ஏறும். நீங்கள் அதற்கு முந்திய காஞ்சனபுரி ஸ்டேஷனிலேயே ஏறிவிடுங்கள், உட்கார இடம் கிடைக்கும். நாம் தோக் போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம்தான். ஏசி கிடையாது, ஜன்னல்கள் முழுக்கத் திறந்திருக்கும். பையனுக்கு ஒரே ஒரு சட்டம் போடுங்கள்: முழங்கை ஜன்னலைத் தாண்டக் கூடாது. பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சுங்காய் என்ற இடத்தில் பாறையைக் குடைந்து பிளந்த வெட்டு வரும். இரண்டு பக்கமும் பாறை ஜன்னலை உரசுகிறமாதிரி நெருங்கி வரும். ஆற்றைப் படம் எடுக்கத் தலையை நீட்டியவர்கள் அந்த இடத்தில் சட்டென்று உள்ளே இழுப்பதைப் பார்த்தேன். தாம் க்ராசேயில் வலப்பக்கம் முழுக்க மலைச்சுவர்தான், அங்கேயும் அதே கதை.

கதவுப் பக்கம் போகவே வேண்டாம். இந்தப் பாதையில் ஒரு வெளிநாட்டுப் பயணி, ஓடும் வண்டியின் கதவைத் திறந்து படம் எடுக்கப்போய்த் தவறி விழுந்து இறந்திருக்கிறார். வளைவில் பெட்டி ஒருபக்கம் சாயும், தண்டவாளத்தின் பழைய ஜாயிண்டில் ஒரு தூக்கு தூக்கிப் போடும். ஒரு கையில் போன் இருந்தால் பிடிமானத்துக்கு மிஞ்சுவது ஒரே கை.

தாம் க்ராசே மரப்பாலம் ஆற்றோரம் மலையை ஒட்டிச் சில நூறு மீட்டருக்கு வளைந்து போகிறது. "மரம் உளுத்திருக்குமே, தாங்குமா?" என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். கட்டைகளை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், வண்டியும் மிக மெதுவாகத்தான் எடுக்கப்படுகிறது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தத்தைக் கவனித்தேன். மரம் அழுத்தம் வாங்கி முனகும் சத்தம்தான், தளர்ந்த சத்தம் இல்லை. வண்டிக்குள் இருப்பவருக்கு அங்கே ஆபத்து இல்லை. இறங்கி நடப்பவருக்குத்தான். ஒருபக்கம் பாறை, மறுபக்கம் ஆறு, நம்பிப் பிடிக்கக் கைப்பிடி இல்லாத இடங்கள், வளைவைத் தாண்டி என்ன வருகிறதென்று தெரியாது. எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் ஓரத்துக்குப் போகவேண்டும். பாலத்தை ஒட்டி ஒரு குகையில் புத்தர் இருக்கிறார்; அம்மா அவரைக் கும்பிட ஆசைப்பட்டால் ஸ்டேஷனில் இறங்கி, வண்டி கிளம்பிப்போய் லைன் காலியானபிறகு, குகைவரைக்கும் மட்டும் கூட்டிப்போங்கள். அதற்கு அப்பால் வேண்டாம்.

அவர் தண்டவாளத்தைத் தொடுவதற்கு நான் சொல்லும் இடம் ஹெல்ஃபயர் பாஸ். காஞ்சனபுரியிலிருந்து 323ஆம் நெடுஞ்சாலையில் சுமார் 80 கிலோமீட்டர். வண்டி ஓடாத பகுதி. ஆஸ்திரேலிய அரசு 1998ல் அங்கே ஒரு நினைவகம் கட்டி நன்றாகப் பராமரிக்கிறது. கையால் உளி பிடித்து வெட்டிய பாறைக்கு நடுவில் பழைய ஜல்லி அப்படியே கிடக்கிறது. சிறு துண்டுத் தண்டவாளமும் வைத்திருக்கிறார்கள். பாறையில் உடைந்து மாட்டிக்கொண்ட துளைக்கம்பி ஒன்று இன்னும் அப்படியே நிற்கிறது. அங்கே ஆபத்து வெயிலும் படிக்கட்டும்தான். இறங்குவது சுலபம், ஏறும்போது மூச்சு வாங்கும். அம்மாவுக்கு முட்டிவலி இருந்தால் காலை முதல் வேலையாக அங்கே போய்விடுங்கள், தண்ணீர் அதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டைத் தாண்டி நீளமாக நடக்கப் போகிறவர்களுக்கு வாக்கிடாக்கி கொடுத்து அனுப்புவார்கள். உங்களுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. எங்கேயாவது அவசரம் என்றால் ஆம்புலன்ஸ் 1669, சுற்றுலாப் போலீஸ் 1155.

நீங்கள் எல்லையிலுள்ள பாடாங் பெசாரிலிருந்து ரயிலில் போவதாக இருந்தால் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அவரது தாத்தாவைப் போன்றவர்களைச் சரக்கு வண்டியில் அடைத்து ஏற்றிப்போனதும் அதே தென்பாதை வழியாகத்தான், பான் போங் வரை. நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) கூலி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் பலரைக் கூட்டிப்போனார்கள். காலரா வந்த முகாம்களில் எண்ணிப் பார்க்கக்கூட ஆளில்லாமல் புதைத்தார்கள், எரித்தார்கள். காஞ்சனபுரி ஸ்டேஷன் பக்கத்துப் போர்க் கல்லறையில் வெள்ளைக்கார, டச்சுக்காரக் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெரும்பாலும் பேரோடு. ஆசியக் கூலியாட்கள் அதைப்போலப் பல மடங்கு செத்தார்கள், அவர்களுக்கு அப்படி ஒரு பேர்ப்பலகை இல்லை. அந்தக் கல்லறைக்கு அருகில் வாட் தாவோர்ன் வராராம் என்ற புத்தர் கோயிலில்தான் கூலியாட்களின் எலும்புகளை ஒன்றாக வைத்திருக்கிறார்கள். அங்கே 2023ல் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நாட்டினார்கள், கல்லில் தமிழ் எழுத்து இருக்கிறது.

ரயில் ஏறுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மாவை அங்கே கூட்டிப்போங்கள். அங்கே வண்டி வராது, யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவர் நிற்கலாம். சூடம் ஊரிலிருந்தே எடுத்துப்போங்கள். எனக்கு அந்தப் பக்கக் கடைகளில் ஊதுவத்திதான் கிடைத்தது.