குறைமாதக் குழந்தைக்குப் புரோபயாடிக் கொடுக்கலாமா? கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்கு, பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவராகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): டாக்டர், 30 வாரத்தில் பிறந்த என் மகளுக்குப் பாலில் ஏதோ பொடி கலந்து குழாய் வழியாகக் கொடுக்கிறார்கள். நல்ல கிருமியாம். பச்சைப் பிள்ளைக்குக் கிருமியைக் கொடுப்பார்களா?

பதில்: நிறைமாதப் பிள்ளைக்கு அம்மாவின் உடம்பிலிருந்தும் பாலிலிருந்தும் நல்ல பாக்டீரியாக்கள் தானாக வந்து சேரும். உங்கள் மகள் அம்மாவைப் பிரிந்து, ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டு, வார்டில் கிடக்கிறாள். குடலில் முதலில் குடியேறுவது வார்டுக் கிருமிதான். குடல் சுவரும் முதிரவில்லை. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு என்.இ.சி. என்னும் குடல் அழுகல் வரலாம், உயிருக்கே ஆபத்து. அதைத் தடுக்கத்தான் நல்ல பாக்டீரியா அடங்கிய அந்தப் பொடி. அதைத்தான் புரோபயாடிக் என்கிறோம்.

பலன் உண்டா? ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 1,099 குழந்தைகளிடம் செய்த ஆய்வில் என்.இ.சி. 4.4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. இங்கிலாந்தில் 1,315 குழந்தைகளுக்கு வேறொரு பாக்டீரியாவைக் கொடுத்தார்கள், பலனே இல்லை. அதனால் "புரோபயாடிக் கொடுக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எந்த வகை என்றும் கேளுங்கள்.

கேள்வி (வில்லியனூர்): என் தங்கச்சி குழந்தை 900 கிராம்தான். அங்கே இதைக் கொடுக்கவே இல்லை. அக்கறை இல்லையா?

பதில்: அப்படி நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஒரு கிலோவுக்கும் குறைந்த ஒரு குழந்தைக்குப் புரோபயாடிக் கொடுத்தார்கள். அதே பாக்டீரியா ரத்தத்தில் கலந்து குழந்தை இறந்துபோனது. 2023இல் அந்நாட்டு மருந்துத் துறை எச்சரிக்கையே விட்டது. உலக சுகாதார நிறுவனமோ, 32 வாரத்துக்கு முன் பிறந்து தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்று 2022இல் சொன்னது. கொடுப்பவர், கொடுக்காதவர் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 900 கிராம் என்றால் நானும் தயங்குவேன்.

கேள்வி (பண்ருட்டி): மெடிக்கலில் வயிற்றுப்போக்குக்கு விற்கும் பாக்கெட்டை நாங்களே வாங்கிக் கொடுத்தால்?

பதில்: வேண்டவே வேண்டாம். அவற்றில் சிலவற்றில் இருப்பது ஈஸ்ட் என்னும் பூஞ்சை. பாக்கெட்டைப் பிரிக்கும்போது பறக்கும் தூள் கையில் ஒட்டி, அந்தக் கையால் குழந்தையின் ஊசிக் குழாயைத் தொட்டாலே ரத்தத்துக்குள் போய்விடலாம்.

கேள்வி (கடலூர் ஓ.டி.): தெருவில் கழுதைப்பால் வந்தால் ஒரு சங்கு ஊற்றச் சொல்கிறார் எங்கள் ஆயா.

பதில்: ஆயாவோடு சண்டை போடாதீர்கள், பாலை மட்டும் வாங்காதீர்கள். காய்ச்சாத பால் அது. தேன், உரை மருந்து, தயிர்த் தண்ணீர் எதுவும் கூடாது.

கேள்வி (பாகூர்): பிள்ளை வார்மரில் இருக்கிறான். எனக்குப் பாலே வரவில்லை. நான் என்னதான் செய்வது?

பதில்: அம்மா, இருப்பதிலேயே பெரிய மருந்து உங்களிடம்தான் இருக்கிறது. பிரசவமான சில மணி நேரத்திலேயே பீய்ச்சத் தொடங்க வேண்டும். இரவையும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு முறையாவது. முதலில் மஞ்சளாக நாலு சொட்டு வரும், "இவ்வளவுதானா" என்று கொட்டிவிடாதீர்கள். அந்தச் சீம்பாலைக் கன்னத்தின் உட்புறம் தடவினாலே போதும் என்கிற நிலையில்தான் பல குழந்தைகள் இருக்கும். தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. அது குழந்தைக்கு அல்ல, அதன் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. சில வகைப் பொடிகள் இது இல்லாமல் முழுதாக வேலை செய்யாது.

டாக்டர் சரி என்றதும் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக் கங்காரு முறையில் வைத்துக்கொள்ளுங்கள், பாலும் ஊறும். அப்படியும் போதவில்லையா? தானப் பால் கேளுங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் அமுதம் தாய்ப்பால் மையம் இருக்கிறது. அந்தப் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்குவதால் நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும். இருந்தாலும் என்.இ.சி.யைத் தடுப்பதில் பவுடர் பாலைவிட அது மேல்.

கேள்வி (குறிஞ்சிப்பாடி): டிஸ்சார்ஜ் ஆகிவிட்டோம். வீட்டிலும் பொடி தொடர வேண்டுமா?

பதில்: டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்தால் மட்டும். அப்புறம், பச்சையாக வாந்தி, வயிறு உப்பிப் பளபளப்பது, மலத்தில் ரத்தம், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.