எண்ணத்துக்கு மருத்துவர், செயலுக்கு நீதிமன்றம்

கேள்வி: எங்கள் எஸ்டேட் பகுதியில் டியூஷன் எடுத்துவந்த ஒருவர் போக்சோ சட்டத்தில் (சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) கைதாகியிருக்கிறார். உளவியல் படிக்கும் என் தம்பி, "சிறார் மீது பாலியல் ஈர்ப்பு வருவது ஒரு மனநோய், நோயாளியைச் சிறையில் அடைப்பது நியாயமா?" என்கிறான். அப்பாவோ, "அப்படி எண்ணம் வந்தவனையே சுட்டுத் தள்ள வேண்டும்" என்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. எதிரெதிரே நின்று பேசினாலும் இருவரும் ஈர்ப்பையும் செயலையும் ஒன்றாக்கி முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். தம்பி ஈர்ப்பைக் காட்டிச் செயலை மன்னிக்கப் பார்க்கிறார். அப்பா செயலுக்குரிய தண்டனையை ஈர்ப்புக்கே கொடுக்கச் சொல்கிறார்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டைத் தங்கள் தம்பி புரட்டியிருப்பார். பருவமடையாத சிறார் மீது தொடர்ந்து பாலியல் ஈர்ப்பு எழுந்தாலும், அதனால் மன அல்லலோ வாழ்க்கையில் இடறலோ இல்லாமல், அதன்படி ஒருபோதும் நடக்காமலும் இருப்பவரை அது கோளாறுள்ளவர் என்று வகைப்படுத்துவதில்லை. அதன்படி நடந்தவரையும், அதனால் அல்லலோ இடறலோ படுபவரையும்தான் கோளாறுக்குள் சேர்க்கிறது. ஆனால் கோளாறு என்று பெயரிட்டதாலேயே, தாம் செய்வது இன்னதென்று அவருக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடாது. நம் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு விலக்களிப்பது, மனநலக் குறைவால் தம் செயலின் தன்மையையோ அது தவறென்பதையோ அறிய இயலாதவருக்கு மட்டுமே.

வழக்கு நிலுவையில் இருப்பதால் கைதானவரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. இத்தகைய குற்றம் நம் தேயிலைத் தோட்டங்களில் நடக்கும் விதத்தை மட்டும் சொல்கிறேன். பள்ளி வேன் நான்கு மணிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போய்விடும். பச்சை இலையை எடை போட்டுக் கொடுத்துவிட்டுத் தாய் லைன் வீட்டுக்குத் திரும்ப ஐந்தரை ஆகும். இடையில் உள்ள அந்த ஒன்றரை மணி நேரத்தை ஒருவர் கவனித்து வைத்துக்கொள்கிறார். மற்றப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, யாருடைய அம்மா வரத் தாமதமாகுமோ அந்தப் பிள்ளையை மட்டும், "உனக்குக் கணக்கு இன்னும் முடியவில்லை" என்று இருத்திக்கொள்கிறார், மிட்டாய் தருகிறார், "அம்மாவிடம் சொல்லாதே" என்கிறார், வெளியே வாட்ச்மேனின் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து கதவைத் திறந்து வைக்கிறார். சத்தம் கேட்டுக் கதவைத் திறக்கத் தெரிந்தவருக்கு, அதைச் சாத்தாமலே இருக்கவும் தெரிந்திருக்கும். இதைத் தம்பி எந்த நோயின் கணக்கில் எழுதுவார்?

அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. அதனால் பிள்ளைகளுக்குப் பயனில்லை என்பதுதான் என் வருத்தம். சிறாரிடம் அத்துமீறுகிறவர்களில் கணிசமானோருக்குச் சிறார் மீது அப்படியொரு நிலையான ஈர்ப்பே கிடையாது. கைக்கெட்டும் தூரத்தில் எதிர்த்துப் பேச இயலாத ஒரு பிள்ளையும், கொஞ்சம் அதிகாரமும், யார் கேட்கப்போகிறார்கள் என்ற துணிச்சலுமே அவர்களுக்குப் போதுமானவையாக இருக்கின்றன. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, துன்புறுத்தியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் பொறுப்பில் இருந்தவர்கள். செய்தித்தாள்கள் "காமக்கொடூரன்" என்று தலைப்பிட, நாமும் சிவந்த கண்ணோடு வரும் அந்நியனைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மாமா முறை சொல்லி வீட்டுக்குள் வருபவர் கண்ணில் படுவதில்லை.

வேண்டாத இந்த ஈர்ப்பு தமக்குள் இருப்பதை அறிந்து அஞ்சி, எந்தப் பிள்ளையையும் நெருங்காமல் வாழ்கிறவர்களும் உண்டு. ஈர்ப்பை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே அதற்காக அவர்களைக் குற்றவாளி என்பது அறமாகாது. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பிள்ளையால் இணங்க இயலாது என்பதால், அந்த ஈர்ப்பு நிறைவேற நியாயமான வழி எதுவுமே இல்லை. (வயதுவந்த இருவர் தம் விருப்பத்தோடு கொள்ளும் தன்பாலின உறவை இதோடு சேர்த்துக் குழப்புகிறவர்கள், அது குற்றமன்று என்ற உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படிக்கட்டும்.) குற்றமற்றவர் என்பதற்காக விடுதிக் காப்பாளர் வேலைக்கும் டியூஷனுக்கும் அவர் போகலாம் என்று பொருளில்லை, தாமாகவே விலகி நிற்பது அவர் கடமை. "படம்தானே பார்த்தேன், யாரையும் தொடவில்லையே" என்பதும் செல்லாது. சிறாரின் ஆபாசப் படங்களைத் தரவிறக்கிப் பார்ப்பது குற்றமன்று என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. அந்தப் படத்துக்காக எங்கோ ஒரு பிள்ளை ஏற்கெனவே வதைபட்டிருக்கிறது.

இப்படிப்பட்டவர்கள் குற்றம் செய்வதற்கு முன்பே சிகிச்சைக்கு வரட்டும் என்று பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனை 2005-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இங்கே அத்தகையவர் மனநல மருத்துவரிடம் செல்லலாம். முதலில் பேசிப் பார்க்க 14416 என்ற டெலி-மானஸ் எண் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) இருக்கிறது. "எண்ணம் வந்தாலே சுடு" என்னும் ஊரில் அவர் வாய் திறப்பாரா என்பதை அப்பா யோசிக்கட்டும். குற்றம் நடந்துவிட்டால், அல்லது நடக்கும் என்ற அச்சம் இருந்தால், போக்சோ 19ஆம் பிரிவின்படி காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அங்கே ஊர் மானம் பார்ப்பதற்கு இடமில்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைப்பதற்கு ஆதாரம் திரட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. தங்கள் கடிதத்தில் அந்தப் பிள்ளையின் பெயரும் வகுப்பும் தந்தையின் வேலையும் எழுதப்பட்டிருந்தன. பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ 23ஆம் பிரிவு தடுப்பதால் அவற்றை நீக்கிவிட்டே அச்சிட்டிருக்கிறோம். தேநீர்க் கடையில் இந்தப் பேச்சு வரும்போதும் தாங்கள் அவற்றைச் சொல்லாதிருங்கள்.