அப்பாவின் மாத்திரையும் சித்தப்பாவின் மாத்திரையும்

அன்புள்ள ஐயா,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வீட்டில் ஒரு சண்டை. தீர்ப்புக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிரஷர் கொஞ்சம் இருக்கிறது, வேறு வருத்தம் இல்லை. சித்தப்பாவுக்கு மாரடைப்பு வந்து கண்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள். அன்றிலிருந்து அவர் தினமும் ஒரு சின்ன ஆஸ்பிரின் எடுக்கிறார். அதைப் பார்த்து அப்பாவும் டவுன் பாமசியில் வாங்கிப் போடத் தொடங்கிவிட்டார். "தம்பிக்கு நல்லதென்றால் எனக்குக் கெட்டதா?" என்கிறார். கட்டாரில் இருக்கிற என் தம்பி, ஆஸ்பிரினால் இரத்தக்கசிவு ஒன்றரை மடங்காகிறது, உடனே நிறுத்தச் சொல்லுங்கள் என்று ஒரு செய்தி அனுப்பினான். அடுத்த நாளே மச்சான் இன்னொன்று அனுப்பினார்: ஆஸ்பிரின் மாரடைப்பு, பக்கவாதத்தை 12 சதவீதம் குறைக்கிறதாம். இரண்டிலும் "ஆராய்ச்சி சொல்கிறது" என்றே இருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்களும் சோசியக்காரர்களும் ஒன்றுதானா? அதுவும் வெள்ளைக்காரர்களிடம் செய்து பார்த்தது நம்ம ஆளுகளுக்குப் பொருந்துமா?

அப்பா முழங்கால் வலி மாத்திரையைத் தவிர எதையும் விரும்பி எடுக்காதவர். பிரஷர் மாத்திரையைப் பாதி நாள் மறந்துவிடுவார். இந்த ஆஸ்பிரினை மட்டும் மறப்பதேயில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

தம்பி அனுப்பியதும் சரி, மச்சான் அனுப்பியதும் சரி. இரண்டு பேரும் ஒரே கட்டுரையின் இரண்டு வரிகளை ஆளுக்கொன்றாகப் பிய்த்து எடுத்த மாதிரித்தான் இருக்கிறது. 2009இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. இதய வருத்தம் எதுவும் இல்லாதவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த 6 ஆய்வுகளை எடுத்தார்கள். அவற்றில் இருந்த ஏறத்தாழ 95,000 பேரின் விபரங்களையும் ஆள் ஆளாக வாங்கி, ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பார்த்தார்கள்.

சதவீதத்தை மறந்துவிட்டுத் தலைக் கணக்காகப் பாருங்கள். அப்பா மாதிரி இதய வருத்தம் இல்லாத 10,000 பேர் ஆஸ்பிரின் எடுக்காமல் ஒரு வருடம் இருந்தால், 57 பேருக்கு மாரடைப்போ, பக்கவாதமோ, அந்த வழியிலான மரணமோ வந்தது. எடுத்தவர்களில் 51 பேருக்கு வந்தது. மச்சானின் 12 சதவீதம் இதுதான் (முழு எண்ணாக்கியதில் கொஞ்சம் முன்பின் இருக்கும்). வயிறு முதலான இடங்களில் பெரிய இரத்தக்கசிவு, எடுக்காதவர்களில் 7 பேருக்கு வந்தது, எடுத்தவர்களில் 10 பேருக்கு. தம்பியின் ஒன்றரை மடங்கு அது. ஆக, ஒரு வருடத்தில் 6 பேர் தப்பினார்கள், 3 பேர் மாட்டினார்கள். மற்ற 9,991 பேருக்கும் அந்த வருடம் மாத்திரையால் நல்லதும் நடக்கவில்லை, கெட்டதும் நடக்கவில்லை.

இனிச் சித்தப்பாவின் கணக்கு. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களைப் பற்றிய 16 ஆய்வுகளும் அதே கட்டுரையில் இருக்கின்றன. அவர்களில் 10,000 பேரை எடுத்தால், ஆஸ்பிரின் இல்லாமல் வருடத்துக்கு 820 பேருக்கு மறுபடி வந்தது, ஆஸ்பிரினோடு 670 பேருக்கு. 150 பேர் தப்பினார்கள். இரத்தக்கசிவு இவர்களுக்கும் கூடத்தான் செய்கிறது, ஆனால் 150க்கு முன்னால் அது சின்னத் தொகை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே மாத்திரையைத்தான் விழுங்குகிறார்கள். ஒருவருக்கு லாபம் 150, மற்றவருக்கு 6. அதனால் இதை வாசித்துவிட்டுச் சித்தப்பாவின் ஆஸ்பிரினில் யாரும் கை வைக்க வேண்டாம். அவருடைய டொக்டர் சொல்லாமல் அதை நிறுத்துவது ஆபத்து.

அப்பாவின் வயதுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வும் உண்டு. 2018இல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் செய்த ஆஸ்ப்ரீ ஆய்வின் முடிவு வந்தது. அதில் 19,114 பேர், பெரும்பாலும் 70ஐத் தாண்டியவர்கள். பாதிப் பேருக்கு 100 மில்லிகிராம் ஆஸ்பிரின், பாதிப் பேருக்கு அதே தோற்றத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, எடுத்தவருக்கும் தெரியாது. கிட்டத்தட்ட 5 வருடம் பார்த்தார்கள். இதய, இரத்தக்குழாய்ப் பிரச்சினைகள் வருடத்துக்கு 1,000 பேரில், ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு 10.7, வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு 11.3. இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. பெரிய இரத்தக்கசிவோ ஆஸ்பிரினில் 8.6, வெறும் மாத்திரையில் 6.2. இது தற்செயல் இல்லை. அதே வருடம் சீனி வருத்தக்காரர்கள் 15,480 பேரை ஏழு வருடத்துக்கு மேல் பார்த்த இன்னொரு ஆய்வும் வந்தது. அதில் 100 பேரில் ஒருவர் தப்புவதற்கு, கிட்டத்தட்ட ஒருவர் இரத்தக்கசிவில் மாட்டினார். இவற்றையெல்லாம் பார்த்துத்தான் 2022இல் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, 60 வயதுக்கு மேல் மாரடைப்பைத் தடுக்கவென்று புதிதாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம் என்றது.

சோசியக்காரர் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேலியாகத்தான் கேட்டிருப்பீர்கள். ஆனால் ஆஸ்பிரினுக்கு ராசி பார்த்த கதை உண்மையாகவே உண்டு. 1988இல் ஐசிஸ்-2 என்ற ஆய்வு வெளிவந்தது. மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்த 17,187 பேர் அதில் இருந்தார்கள். ஆஸ்பிரின் கொடுத்தவர்களிடையே இறப்பு தெளிவாகக் குறைந்தது. சரி, ஆண்களுக்கு எப்படி, வயதானவர்களுக்கு எப்படி என்று துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுங்கள் என்று அதை வெளியிட இருந்த இதழ் கேட்டது. அப்படித் துண்டு போட்டால் வேடிக்கையான முடிவெல்லாம் வரும் என்று காட்டுவதற்காகவே, ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பிறந்த ராசிப்படியும் பிரித்துப் போட்டார்கள். மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரின் பலன் தரவில்லை, கொஞ்சம் கெடுதல் என்று வந்தது! (அது மேல்நாட்டுச் சூரிய ராசி. நம்ம கணக்கு வேறு. மிதுன ராசிக்காரர் யாரும் பயப்பட வேண்டாம்.) போதிய துண்டுகளாக வெட்டினால் எந்த மருந்துக்கும் எந்த முடிவையும் எடுத்துக் காட்டலாம். "சைவ உணவுக்காரர்களுக்கு மட்டும் இந்த மருந்து", "40 தாண்டிய பெண்களுக்கு மட்டும்" என்று போனில் வருகிற செய்திகளில் பாதி இந்த வகைதான்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மருந்தின் நன்மையை எண்ணுகிற கவனத்தோடு தீமையை எண்ணுவதில்லை. ஓர் ஆய்வு தொடங்கும்போதே எந்த நன்மையை, எந்த நாளில், எந்தக் கருவியால் அளப்பது என்று எழுதி வைத்துவிடுவார்கள். தீமையைப் பல ஆய்வுகளில் "ஏதாவது தொந்தரவு இருந்ததா?" என்று ஒரு கேள்வியோடு முடித்துவிடுகிறார்கள். நோயாளி சொன்னால் பதிவு, சொல்லாவிட்டால் இல்லை. இடையில் விலகிப் போனவர் ஏன் போனார் என்று யாரும் தேடிப் போவதும் குறைவு. மலையில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோ கழித்துவிட்டு ஏட்டில் பதிவார்களே, பக்கவிளைவுக்கும் அதேதான் நடக்கிறது.

இதற்கு விலை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். 1980இல் பிரித்தானியாவில் லோர்கனைட் என்ற மருந்தை மாரடைப்பு வந்த நூறுக்கும் குறைவானவர்களிடம் சோதித்தார்கள். இதயத் துடிப்புத் தாறுமாறாவதை அடக்கும் மருந்து. எடுத்தவர்களில் 9 பேர் இறந்தார்கள், எடுக்காதவர்களில் ஒருவர். தற்செயல் என்று நினைத்தார்கள். வியாபாரக் காரணங்களால் மருந்தையும் கைவிட்டதால் முடிவை வெளியிடவில்லை. அது அச்சில் வந்தது 1993இல். அந்தப் பதின்மூன்று வருடத்தில் அதே குடும்பத்து மருந்துகளை டொக்டர்கள் நல்லெண்ணத்தோடு எழுதிக் கொடுத்தார்கள். ஈசிஜி தாளில் தாறுமாறான துடிப்புகள் மறைவதைக் கண்ணால் பார்க்கலாம், பிறகென்ன சந்தேகம்? கடைசியில் அமெரிக்காவில் காஸ்ட் என்ற ஆய்வு, தாளை விட்டுவிட்டு ஆட்களை எண்ணியது. அவற்றில் இரண்டு மருந்துகளில் ஒன்றை எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள், வெறும் மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். 1989இல் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

அதனால் "பக்கவிளைவு எதுவும் காணப்படவில்லை" என்ற வரியைக் கண்டால், எத்தனை பேரில் காணப்படவில்லை என்று கேளுங்கள். கணக்கு வாத்தியார்களுக்குப் பிடிக்கிற ஓர் எளிய விதி இருக்கிறது. 300 பேருக்கு மருந்து கொடுத்து ஒருவருக்கும் கெடுதல் வரவில்லை என்றாலும், உண்மையில் அது 100 பேருக்கு ஒருவர் என்ற அளவு வரை இருக்க இடமுண்டு. 30 பேரில் ஒருவருக்கும் வரவில்லை என்றால் 10 பேருக்கு ஒருவர் வரை. மூன்றை ஆள் தொகையால் வகுத்தால் போதும். நாட்டு மருந்து விளம்பரமானாலும் கம்பனி மருந்து விளம்பரமானாலும் இதை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நல்ல தொகுப்பாய்வு இந்த ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிடாது, ஓட்டை எங்கே என்று காட்டும். கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்து, வெளியான ஆய்வோடு வெளியாகாததையும் தேடி, இரண்டு பேர் தனித்தனியாக வாசித்துக் குறிப்பெடுத்து, பிறகு ஒப்பிடுவார்கள். 1993இல் தொடங்கிய கொக்ரேன் அமைப்பு இந்த வேலையையே செய்கிறது. அதன் சுருக்கங்கள் சில தமிழிலும் கிடைக்கின்றன. அவற்றில் முடிவை மட்டும் பார்க்காமல், தீமைகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "போதிய தகவல் இல்லை" என்று இருந்தால் தீமை இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெள்ளைக்காரர் ஆய்வு நமக்குப் பொருந்துமா? நியாயமான கேள்வி. முதலில், இங்கேயும் நல்ல ஆய்வுகள் நடக்கின்றன. பாம்புக்கடிக்குக் கொடுக்கும் விஷமுறிவு மருந்து உயிரைக் காப்பாற்றும், அதே மருந்தே கடுமையான ஒவ்வாமையையும் கொண்டுவரும். அதைத் தடுக்க முன்கூட்டியே என்ன ஊசி போடுவது என்று இலங்கை ஆஸ்பத்திரிகளில் 1,007 பேரிடம் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். அதில் முக்கால்வாசிப் பேருக்கு ஏதோ ஓர் ஒவ்வாமை வந்தது. குறைந்த அளவு அட்ரினலின், முதல் ஒரு மணித்தியாலத்தில் கடுமையான ஒவ்வாமையை 43 சதவீதம் குறைத்தது. ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசினும் குறைக்கவில்லை.

ஆஸ்பிரினைப் பொறுத்தவரை, மருந்து உடம்பில் செய்கிற வேலை மெல்பேர்னிலும் பொகவந்தலாவையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது ஆளின் தொடக்க ஆபத்தும், கெடுதல் வந்தால் என்ன ஆகும் என்பதும். அங்கே இரத்தவாந்தி எடுத்தவர் கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்சில் ஏறியிருப்பார். மேல் டிவிசனில் இருந்து இரவில் ஒருவரைக் கீழே கொண்டுவர ஆட்டோ பிடித்து, மழையில் அந்தக் கல்ரோட்டில் இறங்கி, டிக்கோயா போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த 3 பேர் அங்கே 3 இரத்தக்கசிவாக ஏட்டில் பதிவாகிறார்கள். இங்கே அதே 3 எனக்குக் கொஞ்சம் கனமாகத் தெரிகிறது.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய முழங்கால் மாத்திரை. அது டைக்ளோபெனக், ஐபுபுரூபன் வகையாக இருந்தால், ஆஸ்பிரினோடு சேரும்போது வயிற்றில் புண்ணும் இரத்தக்கசிவும் வரும் ஆபத்து இன்னும் கூடுகிறது. பிரஷரையும் அது ஏற்றிவிடும். அடுத்த கிளினிக்குக்கு மூன்று மாத்திரை அட்டைகளையும் கையில் கொண்டு போங்கள். பாமசியில் தானாக வாங்கியது என்று மறைக்காமல் சொல்லி, அப்பாவுக்கு ஆஸ்பிரின் எடுக்க ஏதாவது காரணம் இருக்கிறதா என்று டொக்டரிடம் கேளுங்கள். நான் டொக்டர் இல்லை, அவருடைய இதயத்தைப் பார்த்ததும் இல்லை. அதற்கிடையில் மலம் கறுப்பாகப் போனால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

அப்பா மறந்துவிடுகிற அந்தப் பிரஷர் மாத்திரைக்குத்தான், உண்மையில், நல்ல ஆதாரம் இருக்கிறது. 80 வயதைத் தாண்டிய, மேல் அளவு 160ஓ அதற்கு மேலோ இருந்த 3,845 பேரிடம் செய்த ஆய்வு 2008இல் வந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் வருடத்துக்கு 1,000 பேரில் ஏறத்தாழ 60 பேர் இறந்தார்கள், பிரஷர் மருந்து எடுத்தவர்களில் 47 பேர். அப்பாவின் அளவு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. கிளினிக் கொப்பியில் கடைசியாக என்ன பதிந்திருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்