டொமைன் சர்வர் ஒன்று போதுமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 40 கணினிகளும், பயனர் கணக்குகளையும் உள்நுழைவையும் நிர்வகிக்கும் ஒரு விண்டோஸ் டொமைன் சர்வரும் உள்ளன. சில நாட்களில் சில கணினிகள் மட்டும் டொமைனைக் கண்டறிய முடியவில்லை என்கின்றன. ஆனால் இணையம் தடையின்றி இயங்குகிறது. இன்னொரு சர்வர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: இரண்டாவது சர்வர் அவசியம்தான், ஆனால் உங்கள் சிக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. பழுதான கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ‘ipconfig /all’ கட்டளையைத் தட்டச்சு செய்து, டிஎன்எஸ் சர்வர் (பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் சர்வர்) என்ற வரியைப் பாருங்கள். அங்கே உங்கள் சர்வரின் முகவரிக்குக் கீழே ரவுட்டரின் முகவரியோ 8.8.8.8 போன்ற பொது முகவரியோ இருந்தால், அதுவே கோளாறு. கணினிகள் டொமைன் சர்வரைத் தேடுவது டிஎன்எஸ் பதிவுகளின் வழியாகத்தான். உங்கள் அலுவலகத்தின் உள் டொமைன் பெயரைப் பொது டிஎன்எஸ் அறியாது என்பதால், கேள்வி அங்கே போகும்போதெல்லாம் ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பதிலே வரும். ஆகவே கணினிகளுக்கு நெட்வொர்க் அமைப்புகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி அமைப்பில், டிஎன்எஸ் சர்வராக உள் சர்வரின் முகவரியை மட்டும் கொடுங்கள். வெளி டிஎன்எஸ் முகவரிகளை, தனக்குத் தெரியாத பெயர்களைச் சர்வர் வெளியே கேட்க உதவும் ஃபார்வர்டர் பகுதியில் சேருங்கள்.

கடிகாரத்தையும் பாருங்கள்: கணினிக்கும் சர்வருக்கும் நேர வித்தியாசம் 5 நிமிடத்தைத் தாண்டினால், உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை அனுமதி மறுக்கக்கூடும்.

இவற்றைச் சரிசெய்தபின் இரண்டாவது டொமைன் சர்வரை நிறுவி, அதன் முகவரியையும் டிஹெச்சிபியில் சேருங்கள். ஆனால் இரண்டாவது சர்வர் பேக்கப்புக்கு மாற்றாகாது. இரு சர்வர்களும் மாற்றங்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதால், தவறுதலாக நீக்கிய கணக்கு சிறிது நேரத்தில் அங்கிருந்தும் நீங்கிவிடும். எனவே டொமைன் கணக்குகளையும் உள்ளடக்கிய சிஸ்டம் ஸ்டேட் பேக்கப்பை நாள்தோறும் எடுத்து வாருங்கள்.