வெள்ளத்தில் மூழ்கிய கார்: இன்ஜினுக்கு இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: அடுக்ககத்தின் அடித்தளத்தில் நிறுத்தியிருந்த எங்கள் கார் மழைவெள்ளத்தில் இருக்கை மட்டம்வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்த மறுநாள் என் மகன் இரண்டு முறை சாவியைத் திருப்பிப் பார்த்தான், வண்டி கிளம்பவில்லை. முழுக் காப்பீடு இருந்தும், இருக்கைகளுக்கும் வயரிங்குக்கும் மட்டுமே பணம் தர முடியும், இன்ஜினுக்கு இல்லை என்கிறது நிறுவனம். ஸ்டார்ட் செய்யவே இல்லை என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார் மெக்கானிக். என்ன செய்யலாம்?
- வாசகர், சென்னை-42

பதில்: மெக்கானிக்கின் யோசனையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். பொய்யான தகவல் என்று தெரிந்தால், இப்போது தர ஒப்புக்கொண்ட தொகைக்கும் ஆபத்து. தவிர, இன்ஜினைப் பிரித்தாலே உண்மை தெரிந்துவிடும். காற்றைப்போலத் தண்ணீர் அமுங்காது. ஆகவே சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருக்கும்போது பிஸ்டன் மேலேறினால், அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். நின்ற இடத்தில் மூழ்கிய வண்டியில் ராடு தானாக வளையாது என்பது, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்குத் தெரியும். அது வெள்ளம் நேரடியாகச் செய்த சேதமன்று, ஸ்டார்ட் செய்ததால் வந்த தொடர்விளைவு என்பதுதான் நிறுவனங்களின் வாதம். தொடர்விளைவு இழப்பு வழக்கமான பாலிசியில் அடங்காது. இதற்கென்றே 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனிப் பிரீமியத்துக்கு விற்கிறார்கள். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஷோரூமில் சேர்த்துவிட்டது வாங்கியவருக்கே தெரியாமல் இருப்பதுண்டு.

அது இல்லாவிட்டாலும் உடனே விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு முறை சாவியைத் திருப்பியதாலேயே இன்ஜின் கெட்டது என்று பிரித்துப் பார்க்காமல் முடிவுகட்ட முடியாது. சர்வேயர் முன்னிலையில் பிரிக்கச் சொல்லிப் படம் எடுத்து வையுங்கள். ராடு நேராக இருந்து, உள்ளே சேறும் துருவும் மட்டும் காணப்பட்டால், சேதத்துக்குக் காரணம் வெள்ளமே என்று சர்வே அறிக்கையின் நகலை வைத்து எழுத்துமூலம் வாதிடலாம். நிறுவனம் மறுத்தாலோ, 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்; கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஒப்புக்கொண்ட தொகையை இப்போதே வாங்குவதானால், இன்ஜின் பற்றிய கோரிக்கையைக் கைவிடவில்லை என்று மின்னஞ்சலில் தெரிவித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பேட்டரி, ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு, 'ஜீரோ டெப்' (தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பு) இல்லையென்றால், பாதி விலைதான் கிடைக்கும்.

கேள்வி: வெள்ளத்தில் மூழ்கிய என் காரின் ஐ.டி.வி. (பாலிசியில் குறித்துள்ள காப்பீட்டு மதிப்பு) 4 லட்சம், பழுதுபார்க்க 3.30 லட்சம் ஆகுமாம். 'டோட்டல் லாஸ்' என்று முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஏற்கலாமா?
- வாசகி, முடிச்சூர்

பதில்: ஏற்கலாம். செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது உங்களுக்கு 3 லட்சத்தைத் தாண்டினால், வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். அப்போது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கமாட்டார்கள். கட்டாயக் கழிவாக 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் பிடிப்பார்கள். வண்டிக்கடன் பாக்கியிருந்தால் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும். வயரிங்கில் சேற்றுநீர் புகுந்த காரைச் சரிசெய்து ஓட்டுவது, என் அனுபவத்தில், மாதாமாதம் பட்டறைக்கு நடப்பதில்தான் முடிகிறது. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: முழு இழப்பாக முடித்தபின் விற்கப்படும் அந்தச் சேத வண்டியை, வாங்குபவர் பெயருக்கு ஆர்.சி. மாறியதை ஆர்.டி.ஓ. பதிவில் சரிபார்க்கும்வரை விடாதீர்கள். அதுவரை அந்த வண்டியால் வரும் வழக்குக்கான நோட்டீஸ் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.