மேட்டர் பல்பு ஹப்பில் சேராதது குறித்து

வணக்கம். மேட்டர் (வெவ்வேறு நிறுவனங்களின் வீட்டுக் கருவிகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதற்கான பொதுத் தரம்) முத்திரையுள்ள புதிய பல்பு கைப்பேசியில் தென்பட்ட பிறகும், உங்கள் ஜிக்பீ ஹப்பில் (ஜிக்பீ என்ற கம்பியில்லா முறையில் வீட்டுக் கருவிகளை இணைக்கும் மையக் கருவியில்) சேரும் கட்டத்தில் நின்றுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பல்பு பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. முதல் அறிமுகம் புளூடூத் வழியே நடப்பதால் கைப்பேசி அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அது திரெட் என்ற வேறொரு கம்பியில்லா வலையமைப்பில் இயங்கும் வகைப் பல்பாக இருந்து, அந்த வலையமைப்பை வீட்டு வைஃபை போன்ற வலையமைப்புடன் இணைக்கும் திரெட் பார்டர் ரவுட்டர் எதுவும் வீட்டில் இல்லையென்றால், அடுத்த கட்டத்தில் சேருவதற்கு அதற்கு வலையமைப்பே இருக்காது. (முத்திரையைப் பெரிதாக அச்சிட்டுவிட்டு இந்தத் தேவையைப் பொடி எழுத்தில் போடுவது எரிச்சலூட்டும் வழக்கம்தான்.) ஜிக்பீ, திரெட் இரண்டும் 802.15.4 என்ற ஒரே ரேடியோ தரத்தைப் பயன்படுத்தினாலும், ஜிக்பீ ஹப் தானாகவே திரெட் கருவிகளை ஏற்றுக்கொள்ளாது. ஆகவே பல்பை மீண்டும் மீண்டும் ரீசெட் செய்யாமல், ஹப்பின் விவரக்குறிப்பில் திரெட் பார்டர் ரவுட்டர் வசதி உள்ளதா என்று முதலில் பாருங்கள். இல்லையெனில், மேட்டரை ஆதரிக்கும் ஹப்பாக இருக்கும்பட்சத்தில், வைஃபை வழி இயங்கும் மேட்டர் பல்பாக மாற்றிக்கொள்வதே எளிது.